பச்சைப் பொத்தான் குச்சி

சரண்யா, இன்று காலை உன்மேல் நான் கத்தியது தப்பு. ஓய்வு பெற்றவள் மாடியில் காபியைக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நீ பாத்தியைச் சுத்தம் செய்தாய். வெறும் மண்ணில் மூங்கில் குச்சி ஒன்று நின்றது, அதில் வெளுத்த துணியும் ஒரு பச்சைப் பொத்தானும். பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாய். வேலை தெரிந்த எவளும் அதைத்தான் செய்வாள். நான்தான் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்து கூடையைக் கவிழ்த்து, அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன். இப்போது இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நீங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். நியாயம்தான்.

பிள்ளைகள் தூங்குகிற நேரம் இது. ஒரு மணி நேரம் இருக்கிறது. இந்தக் குச்சியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மூக்கு துடைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். இது வேறு.

நான் கோவில்பதாகையிலேயே பிறந்தவள். எங்கள் குடும்பம் இங்கே நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகி வீடாகிவிட்ட பிறகு, இந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வேலைக்குப் போகிற அம்மா அப்பாக்கள் காலையில் கொண்டுவந்து விடுவார்கள், சாயந்திரம் கூட்டிப்போவார்கள். டிவி கிடையாது. துணி, பொத்தான், களிமண், பழைய பேப்பர், பின்பக்கம் இரண்டு பாத்தி. அவ்வளவுதான் நம்மிடம் இருந்த சாமான். இருபத்தெட்டு வருஷம் அதை வைத்தே ஓட்டினேன்.

என்னோடு ஒரு ஆயா வேலை பார்த்தாள். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். பெயரைச் சொல்ல மாட்டேன். "என்னப் பத்தி எங்கியாவது பேசுனீன்னா பேர மட்டும் இஸ்துடாதேக்கா, எங்கூட்டுக்காரரு பேஜார் பண்ணுவாரு" என்று சொல்லியிருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். படிப்பு ஐந்தாவதோ ஆறாவதோ. ஆனால் எப்போது பேச வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை நான் அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன், அது என் புத்தி.

நம் வீட்டு வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியும். ஆடி பிறந்ததும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு டம்ளரில் அவரை விதை போடுவார்கள். செடி ஒரு விரல் உயரம் வந்த வெள்ளிக்கிழமை, அவரவர் செடியை அவரவர் வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். பேர் எழுதினால் மூன்று வயதுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் தையல் கடையில் வாங்கி வந்த வெட்டுத் துணியில் ஆளுக்கு ஒரு பொத்தான் தைத்து, குச்சியில் கட்டி, டம்ளரில் குத்தி வைப்போம். பொத்தான்தான் பேர். அதைப் பிள்ளைகளே தைக்க வேண்டும், நாம் ஊசியைக் கோத்துக் கொடுப்பதோடு சரி. கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

மூன்று ஆடிக்கு முன்னால் ஆறு பிள்ளைகள். அதில் ஒருத்தி ஆவுடை. நாலு வயது. அப்பா ஃபாக்டரியில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆவுடைக்கு அடர்த்தியான புருவம், பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்பாள். அந்த மாசம் அவள் அம்மாவுக்கு நாளுக்கு முன்னாலேயே பிரசவமாகிவிட்டது. தம்பிப் பாப்பா. எடை போதவில்லை என்று சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மா அங்கேயே இருந்தாள். ஆவுடையை உள்ளே விடவில்லை. ஒரே ஒரு தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாளாம். ஒரே அறையில் இதே மாதிரி நிறையப் பெட்டிகள்.

அன்று ராத்திரியிலிருந்து ஒரே கேள்வி. "நம்ம பாப்பா மாறிப்போயிருச்சுன்னா?" அப்பாதான் சொல்லிச் சொல்லித் தேற்றி வைத்திருந்தார். பாப்பாவின் கையில் அம்மா பெயர் எழுதிய பட்டை கட்டியிருக்கிறது, அது இருக்கும்வரை மாறவே மாறாது என்று. அவள் தன் குச்சியில் பொத்தானைத் தைத்தபோது எங்களிடமும் அதையே சொன்னாள். "எங்க பாப்பா கையிலயும் இப்படிக் கட்டிருக்காவ." கோட்டுப் பொத்தான், பச்சை, நாலு துளை. இரண்டு துளையில்தான் நூல் விட்டாள். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

விதை போட்ட அன்று ஒரு கூத்து. ராத்திரி முழுக்க ஊறிய விதை மெத்தென்று இருக்கும் அல்லவா, இவள் வாயில் போட்டுக் கடித்துவிட்டாள். நான் விரலை விட்டு வெளியே எடுத்தேன். நடுவில் ஒரு பல் அழகாகப் பதிந்திருந்தது. "இது வோணாம், வேற தரேன்" என்றால் கையை மூடிக்கொண்டு கொடுக்கவே மாட்டேன் என்றாள். சரி, போடு என்று விட்டுவிட்டேன். பாப்பா வீட்டுக்கு வந்ததும் இந்தச் செடியைக் காட்டப் போவதாக எல்லாரிடமும் சொன்னாள். பால்காரரிடம்கூடச் சொன்னாள்.

நாலாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் மூன்று என்று முளைத்தன. ஏழாம் நாள் ஐந்து டம்ளரிலும் செடி. ஆவுடையின் டம்ளரில் மண்தான். எட்டாம் நாள் வியாழக்கிழமை. மறுநாள் செடி வீட்டுக்குப் போகும் வெள்ளி. போன வாரம்தான் பாப்பாவுக்கு மூச்சுத் திணறி, அப்பா ரெண்டு நாள் பிள்ளையைக் கொண்டுவந்து விடவே இல்லை. இப்போது இந்தப் பிள்ளை வெறும் மண்ணைத் தூக்கிக்கொண்டு போவதா? கடித்த விதை, அழுகிப் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இங்கேதான் நன்றாகக் கேளுங்கள். நாற்று செத்த இடத்தில் வேறு நாற்று ஊன்றுவது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்த வேலை. நடவு முடிந்த பத்தாம் நாள் வயலில் இறங்கி, குழி விழுந்த இடத்திலெல்லாம் மிச்ச நாற்றைச் சொருகிக்கொண்டே போவோம். அதில் பாவமும் இல்லை, பொய்யும் இல்லை. அந்தப் புத்தியில்தான் ஆறு பிள்ளைக்குப் பத்து டம்ளர் போட்டு, நாலை மாடியில் மறைத்து வளர்ப்பேன். எல்லா வருஷமும் ஒன்றிரண்டு மாற்றியிருக்கிறேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

பிள்ளைகள் தூங்கியதும் மாடியிலிருந்து ஒரு நல்ல செடியைக் கொண்டுவந்தேன். ஆவுடையின் குச்சியைப் பிடுங்கி அதில் குத்தினேன். ஆயா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா பண்றே?"

"பாத்தா தெரியல?"

"வோணாம்க்கா. அந்தப் பிள்ள வேற மாதிரி. அதுக்குத் தெரியும்."

"நாலு வயசுக்கு இன்னா தெரியும்? நீ உன் வேலையப் பாரு."

அவள் பாத்திரத்துக்குத் திரும்பிவிட்டாள். பழைய டம்ளரை எடுத்துப்போய்த் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துப் பாத்தியில் தட்டிக் கவிழ்த்தேன். கீழே குனிந்து பார்க்கக்கூட இல்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஒரு மத்தியானத் தூக்கத்துக்குத் தாங்கவில்லை.

எழுந்து வந்த பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கைதட்டின. "ஆவுடை செடி வந்துச்சு!" ஆவுடை தட்டவில்லை. டம்ளர் முன்னால் உட்கார்ந்தாள். அவரை முளைக்கும்போது விதை இரண்டாகப் பிளந்து தண்டோடு மேலே வந்துவிடும், பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு பருப்பையும் விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம். அவசரமே இல்லை. என்னைப் பெற்றவள்கூட என்னை அப்படி உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

"இதுல எம் பல்லு இல்ல" என்றாள்.

"எம் வெதைக்குக் காலைல வால் வந்துச்சு. வெள்ளையா. நான் பாத்தேன். அது எங்க?"

தினமும் வந்ததும் யாருக்கும் தெரியாமல் மண்ணை விலக்கி, விதையைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடியிருக்கிறாள். வந்த நாளெல்லாம். அதனால்தான் அது தாமதம். அன்று காலை வேர் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நாளெல்லாம் சிரித்த முகமாக இருந்தாள். வெறும் மண் என்று நாங்கள் பரிதாபப்பட்ட டம்ளரில் உயிர் வந்துவிட்டது என்பது இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். விவசாயக் குடும்பத்துக்காரி நான் உயிருள்ள விதையைக் குப்பை மாதிரி கொட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பிள்ளையின் கண் எனக்கு மலைப்பாக இருந்தது. இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டேனே, பார்ப்பது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்குள் வாசலில் அவள் அப்பாவின் ஸ்கூட்டர். ஷிப்ட் முடிந்து நேராக வருகிறவர், அதே சட்டையோடு. உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஆவுடை எழுந்து போய் அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, குச்சிய மாத்திட்டாவ."

"என்னட்டி? எந்தக் குச்சி?"

"எங் குச்சிய வேற செடியில வச்சிட்டாவ." பிறகு சாதாரணமாக, சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். "பாப்பா கையில கட்டுனதையும் மாத்திருவாவளா?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஏதாவது சொல்லுங்கம்மா, இல்லைன்னு சொல்லுங்கம்மா என்று.

எனக்கு அந்த நேரத்தில் ஆறேழு பொய் தயாராக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். காற்றில் குச்சி விழுந்துவிட்டது, பல் தடம் வளர வளர மறைந்துவிடும், பூனை தட்டிவிட்டது. நம் தொழிலில் இதெல்லாம் நாக்கு நுனியிலேயே இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய கை. ஆயா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மாத்துனது நீதானக்கா. நீயே சொல்லிட்டீன்னா, மாத்துனவங்க சொல்லிடுவாங்கன்னாவது அதுக்குத் தெரியும். இல்லன்னா அதுக்கு இன்னாதான் கீது?"

நான் தரையில் உட்கார்ந்தேன். "ஆவுடை, நான்தான் மாத்துனேன். உன்னுது வரலேன்னு நெனச்சிட்டேன். நீ அழுவியேன்னு பயந்துட்டேன். உன்னைக் கேக்காம மாத்துனது தப்பு. உன் வெதைய அந்தப் பாத்தியில கொட்டிட்டேன்" என்றேன். அறுபது வயதுக்காரி நாலு வயதுக்கு முன்னால் கைகட்டாத குறை. அவள் அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தெனமும் அத ஒண்ணச் சொல்லித்தாம்மா அவளத் தூங்க வைக்கேன்" என்றார். இன்றைக்கும் என் காதில் இருக்கிறது அது.

ஆவுடை அழவில்லை. "எந்தப் பாத்தி?" என்றாள்.

தூறல் ஆரம்பித்துவிட்டது. ஆறு பிள்ளைகள், ஆயா, நான், அவள் அப்பா. யாரும் காலை வைக்கக்கூடாது, கையால் மட்டும்தான் தேட வேண்டும் என்று ஆயா சட்டம் போட்டாள். கல் கிடைத்தது, வேப்பங்கொட்டை கிடைத்தது, எப்போதோ தொலைந்த என் ஹேர்பின் கிடைத்தது. மற்ற பெற்றோர்கள் வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர்களும் குனிந்தார்கள். எனக்கோ, கிடைத்தாலும் வேர் முறிந்திருக்குமே என்ற நினைப்பு.

ஆவுடைதான் எடுத்தாள். உள்ளங்கையில் மண்ணோடு நீட்டினாள். தோல் பிளந்து, நடுவில் பல் தடம் கறுத்துப்போய், ஒரு ஓரத்தில் நக நீளத்துக்கு வெள்ளை வேர். வளைந்திருந்தது, முறியவில்லை. நான் லட்சம் விதையாவது போட்டிருப்பேன். ஒரு விதையையும் அப்படிப் பார்த்ததில்லை. கடித்தும், திரும்பத் திரும்பத் தோண்டியும், தலைகீழாகக் கொட்டியும், அது பாட்டுக்கு வேர் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவள் அப்பா கையை எடுத்துக் கும்பிட்டார், விதையையா பிள்ளையையா தெரியாது.

அந்தப் பாத்தியிலேயே அவளே ஊன்றினாள். "இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வேணாம்" என்றாள். நான் குச்சியை நீட்டினேன். வாங்கிப் பாத்தியில் குத்துவாள் என்று பார்த்தேன். வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஐந்து பிள்ளைகள் செடியோடு போனார்கள், இவள் வெறுங்கையோடு போனாள். அவரை வளர்ந்தது, பந்தல் ஏறியது, ஆவுடை தினமும் தண்ணீர் ஊற்றினாள். தோண்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள். குச்சி பையிலேயே இருந்தது. குத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கலாமா என்று ஆயாவிடம் ஒருநாள் கேட்டதற்கு, "உன் கைய வெச்சுகினு கொஞ்சம் சும்மா இரேன்க்கா" என்றாள்.

புரட்டாசியில் பந்தலில் பூ வந்த சமயம், அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அவள் அம்மா, அப்பாவோடு இங்கே வந்தாள். மெலிந்து, கன்னம் ஒட்டி, தோளில் ஒரு துணிமூட்டை. துணியை விலக்கினால் பாப்பா. எலுமிச்சம்பழம் மாதிரி முகம். நாங்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழ நீளம்கூட இல்லாமல் கிடந்த உயிர் கொட்டாவி விடுகிறது.

ஆவுடை பக்கத்தில் வந்து பாப்பாவின் கையைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு கையையும். பட்டை இல்லை. வீட்டுக்கு வந்ததுமே வெட்டிவிட்டார்களாம். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"இது எங்க பாப்பாவா?"

யோசித்துப் பாருங்கள். மாற்றிய கை என்னுடையது. என்னிடம் கேட்கிறாள். "ஆமாண்டி தங்கம், உங்க பாப்பாதான், மூக்கப் பாரு உங்கப்பா மாதிரியே" என்று வாய்வரை வந்துவிட்டது. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அவள் அப்பாவும் சொல்லச் சொல்லித் தலையாட்டினார். ஆயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாது கண்ணு" என்றேன். "நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல. தெனம் பாத்தவங்க யாரு? அவங்களக் கேளு."

அவள் அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, பாப்பாவைத் திருப்பி, இடது காதை மெல்ல மடக்கினாள்.

"இங்க வா. இந்த மச்சத்தப் பாத்தியா? எள்ளு மாதிரி. பொறந்த அன்னைக்கு நான் மொதல்ல பாத்தது இதத்தான். பட்டைய நான் நம்பலட்டி. ரெண்டு மாசமும் உள்ள போவும்போதெல்லாம் மொதல்ல காதத்தான் மடக்கிப் பாப்பேன்."

ஆவுடை குனிந்து பார்த்தாள். அன்று அவரைப் பருப்பைப் பார்த்தாளே, அதே பார்வை. விரலால் ஒருமுறை தொட்டாள். தாயும் மகளும் ஒரே மாதிரி இருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, ஆயாவுக்கும்தான், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் ஆவுடை. "நம்ம பாப்பாதான்."

பையைத் திறந்து பச்சைப் பொத்தான் குச்சியை எடுத்தாள். பின்பக்கம் போனாள். யாரும் கூடப் போகவில்லை. நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரைக்கொடியின் காலடியில் குச்சியைக் குத்தி, அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்து, மண்ணை இரண்டு பக்கமும் அழுத்திவிட்டாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

அவரை தையில் காய்ந்தது. கொடியை அறுத்தேன், பந்தலைப் பிரித்தேன். அந்தப் பாத்தியில் பிறகு கீரை போட்டோம், வெண்டை போட்டோம். குச்சியை மட்டும் தொடவில்லை. ஆவுடை இப்போது ரெண்டாம் வகுப்பு. தம்பியை அடுத்த திங்கட்கிழமை உங்களிடம் சேர்க்கப் போகிறார்கள், பதிவில் மூன்றாவது பேர். கூட அவளும் வருவாள். வந்ததும் நேராகப் பின்பக்கம்தான் போவாள், எனக்குத் தெரியும்.

இந்தா சரண்யா, குச்சி. உன் கையாலேயே எடுத்த இடத்தில் குத்து. திங்கட்கிழமை அவள் வந்து இதை ஏன் மறுபடி குத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டால், பிடுங்கியது நீ என்று நீயே சொல்லிவிடு.